ஐயாயிரத்துக்குள் ஒரு கிரிவலம்

பேருந்து நிற்பதற்கு முன்பே மணிவேல் குதித்துவிட்டார்.

"ஏங்க! பை! பையை விட்டுட்டுப் போறீங்க!"

"நீ எடுத்துக்கிட்டு ஓடி வா ரேவதி! இன்னும் அஞ்சு நிமிஷம் போச்சுன்னா ரூம் போயிடும்!"

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் பௌர்ணமிக் கூட்டம் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை இரண்டு முழங்கைகளாலும் பிளந்துகொண்டு ஓடினார் மணிவேல். பின்னால் அவர் மனைவி ரேவதி இரண்டு பைகளோடு ஓடினாள். அவளுக்கும் பின்னால், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் இனியா, முன்பின் தெரியாத யாரோ ஓடுவதைப் பார்ப்பதைப் போல நிதானமாக நடந்து வந்தாள்.

தாம்பரத்திலிருந்து நான்கரை மணி நேரப் பயணம். வேகமாக வரும் பேருந்தில் ஆளுக்கு நாற்பது ரூபாய் கூட என்பதால், வழியில் இருக்கிற எல்லா ஊரையும் விசாரித்துக்கொண்டு வரும் பேருந்தில் ஏற்றியிருந்தார். உட்கார இடம் கிடைத்தது இனியாவுக்கு மட்டும்தான்.

முன்பே போனில் விசாரித்து வைத்திருந்த லாட்ஜுக்குள் பாய்ந்தார்.

"ரூம் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். நாலாயிரத்தி ஐந்நூறு."

"மாசத்துக்கா?"

கவுன்ட்டரில் இருந்தவர் சிரிக்கவில்லை. காலையிலிருந்து இதே நகைச்சுவையை ஏழு பேர் சொல்லிவிட்டார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"போன செவ்வாய்க்கிழமை போன் பண்ணப்போ தொள்ளாயிரம்னு சொன்னீங்களே!"

"அது செவ்வாய்க்கிழமை ரேட்டு சார். இது பௌர்ணமி ரேட்டு."

"கட்டில் அதே கட்டில்தானே?"

"அதே கட்டில்தான்."

"சுவரு?"

"அதே சுவருதான் சார்."

"அப்புறம் எதுக்குய்யா மூவாயிரத்தி அறுநூறு ஜாஸ்தி? ஜன்னல் வழியா நிலா தெரியுமா?"

"அந்த ரூம்ல ஜன்னல் இல்ல சார்."

மணிவேலுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இது பகல் கொள்ளை! சாமி பேரைச் சொல்லிக் கொள்ளை! நாலு எடம் பாத்துட்டு வரேன்!" என்று மேஜையைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

நான்கு இடம் பார்த்தார். இரண்டாவது லாட்ஜில் ஐயாயிரம். மூன்றாவதில் ஐயாயிரத்து ஐந்நூறு, தலையணைக்குத் தனி. நான்காவதில் ரூமே இல்லை. மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்துக்கொள்ளலாம், தலைக்கு அறுநூறு. முதல் லாட்ஜுக்கே வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது, அந்த ஜன்னல் இல்லாத அறைக்குள் ஒரு பெரிய குடும்பம் நுழைந்துகொண்டிருந்தது.

"அவங்க ஒண்ணுமே கேக்கல சார். காசக் குடுத்தாங்க, சாவிய வாங்கிட்டாங்க" என்றார் கவுன்ட்டர்காரர்.

ரேவதி தோளில் இருந்த பையை மட்டும் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். இருபது வருடத் தாம்பத்தியத்தில் அதைவிடப் பெரிய திட்டு இருக்க முடியாது.

விஷயம் இதுதான். மூன்று வருடங்களுக்கு முன்னால் இனியாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது, மகள் பிழைத்தெழுந்தால் குடும்பத்தோடு கிரிவலம் வருவதாக ரேவதி வேண்டிக்கொண்டாள். மகள் எழுந்துவிட்டாள். மணிவேல்தான் எழவில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு செலவுக் கணக்கு சொல்லித் தள்ளிப்போட்டார். கடைசியில் போன வாரம் பெரிய சண்டை. அந்தச் சூட்டில் மணிவேல் வாயை விட்டுவிட்டார்.

"ஐயாயிரம்! போக, வர, தங்க, திங்க, எல்லாம் சேத்து மூணு பேருக்கு ஐயாயிரத்துக்குள்ள முடிச்சுக் காட்டறேன். ஒரு ரூபா ஜாஸ்தியாச்சுன்னா ஏ.டி.எம். கார்டை உன் கைல குடுத்துடறேன். அப்புறம் டீ குடிக்கக்கூட உன்கிட்டதான் கை நீட்டுவேன். போதுமா?"

போதும் என்றாள் ரேவதி. இனியா அதை அம்மாவின் செல்போனில் பதிவுசெய்துகொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து மணிவேலின் சட்டைப் பையைவிட்டு இறங்காத கார்டு அது.

அந்தச் சட்டைப் பையில் இப்போது செல்போன் அலறியது. எடுத்துப் பார்த்தார். எதிர்வீட்டு ஜோதியம்மாள்.

"யாருங்க?"

"உன் சினேகிதிதான். பஸ்ல இருக்கும்போதே ரெண்டு தடவை அடிச்சாங்க. போன தடவை நான் காஞ்சிபுரம் போனப்போ இப்படித்தான் போன் போட்டு ரெண்டு பாக்கெட் குங்குமம், ஒரு இட்லித் துணின்னாங்க. இன்னைக்கு வரைக்கும் காசு வரல." சொல்லிக்கொண்டே இணைப்பைத் துண்டித்தார்.

"செடிக்குத் தண்ணி ஊத்தச் சாவி குடுத்துட்டு வந்தோமே, அது விஷயமா இருக்கப் போவுது."

"தண்ணி ஊத்தறதுக்கு எதுக்குப் போனு? கைதானே வேணும்?"

ரேவதியாவது பேசியிருப்பாள். ஆனால் அவள் போனுக்கு ரீசார்ஜ் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. 'ஒரு வீட்டுக்கு ஒரு போன் பேசினா போதும்' என்பது மணிவேலின் சமீபத்திய கண்டுபிடிப்பு.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் ரேவதி. "வேங்கிக்கால்ல கோதண்டராமன் வீடு இருக்கு."

மணிவேல் தொண்டையைச் செருமினார்.

கோதண்டராமன் அவருடைய சித்தப்பா மகன். இருவரும் கீழ்பென்னாத்தூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். நாலு மாதத்துக்கு முன்னால் வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் நடத்தினான். பேருந்துக் கட்டணம், மொய் இரண்டையும் கூட்டிப் பார்த்த மணிவேல், 'முதுகுல டிஸ்க் விலகிடுச்சுடா தம்பி, டாக்டர் படுத்த படுக்கையா இருக்கச் சொல்லிட்டாரு' என்று போனிலேயே வாழ்த்திவிட்டார். அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

"போய் நின்னா, டிஸ்க் எப்படி இருக்குன்னு கேப்பான்."

"பதினாலு கிலோமீட்டர் நடக்க வந்திருக்கேன்னு சொல்லுங்க. சந்தோஷப்படுவாரு."

"கிண்டலா? இரு, நாசூக்கா கேக்கறேன்." ஒரு துணிக்கடையின் ஓரமாக ஒதுங்கி எண்ணை அழுத்தினார்.

"தம்பி! எப்படிடா இருக்கே? ஊர்லதானே இருக்கே?"

"அண்ணா! நானே உனக்குப் பேசணும்னு இருந்தேன். நாங்க இப்ப வெளியூர் வந்திருக்கோம்ணா. நீ எங்க இருக்கே?"

வெளியூரா! மணிவேலுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இனி உண்மையைச் சொல்லி என்ன பிரயோஜனம்? டிஸ்க் குட்டு உடைவதுதான் மிச்சம்.

"நானாடா? வீட்டுலதான். எங்க நகர முடியுது? ஹால்ல உக்காந்து டிவி பாத்துக்கிட்டிருக்கேன்."

மறுமுனையில் எங்கேயோ ஒரு மின்விசிறி மட்டும் கீச்... கீச்... என்று சுற்றுவது கேட்டது.

"வீட்டுலயா?" என்றான் கோதண்டராமன்.

"ஆமாடா."

"சரிண்ணா... பாரு, பாரு. நல்லா பாரு" என்று வைத்துவிட்டான்.

"இல்லையாம். எங்கயோ ஊர் சுத்தப் போயிருக்கான்" என்று மணிவேல் பொரிந்தார். "ஃபேன் கத்தற கத்துல பேச்சே கேக்கல. எண்ணெய் விடக்கூட வக்கில்லாத எவன் வீட்டுலயோ ஓசில போய் உக்காந்திருக்கான். வெக்கம் கெட்டவன்! எங்க சித்தப்பா வழியே இப்படித்தான்."

"இன்னா சார், ரூம் பாத்துகினு இருக்கியா?"

திரும்பினார். ஓர் ஆட்டோ. அதில் சாய்ந்தபடி காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள். பெயர் சக்திவேல் என்று சட்டையிலேயே எழுதியிருந்தது.

"வீடு ஒண்ணு இருக்கு சார். தனி வீடு, டைல்ஸ் போட்டது, ரெண்டு பாத்ரூம். வேங்கிக்கால்ல. ஓனரு பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாடகைக்கு வுட்டுட்டு எங்கனா கிளம்பிடுவாரு. நாலாயிரம்."

"ரெண்டாயிரம்."

"சார், நான் உன்ன வூட்டுக்குக் கூட்டினு போறேன்றேன். நீ கோயில் வாசல்ல உக்காரவெச்சா மாதிரி பேசற."

அரை மணி நேரப் போர் நடந்தது. மூவாயிரத்தில் முடிந்தது. ஆட்டோவுக்கு இருநூறு. ஐந்நூறு அட்வான்ஸ், போகும்போது திருப்பித் தரப்படும். 'நாலாயிரத்தை மூவாயிரமா ஆக்கினேன் பாத்தியா?' என்று ரேவதியைப் பெருமிதமாகப் பார்த்தார் மணிவேல். ரேவதி, பேருந்து நிலையச் சுவரோரம் 'வேங்கிக்கால் - ஆளுக்குப் பதினைந்து' என்று கூவிக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவைப் பார்த்தாள்.

வீடு பளிச்சென்று இருந்தது. ஒரு அறை பூட்டியிருந்தது. சுவரில் படங்கள் மாட்டியிருந்த ஆணிகள் மட்டும் வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தன. மற்ற இடமெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது.

'மின்விசிறியை மூன்றுக்கு மேல் வைக்கக் கூடாது.'

'ஹீட்டர் பத்து நிமிடம் மட்டும். அதற்கு மேல் குளிப்பவர்கள் பச்சைத் தண்ணீரில் குளிக்கவும்.'

'டிவி ரிமோட்டில் பேட்டரி இல்லை. தேடாதீர்கள்.'

'சமையலறையில் எதையும் தொடக் கூடாது. பாத்திரம் தொலைந்தால் அட்வான்ஸ் கிடையாது.'

ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க மணிவேலின் குரல் ஏறிக்கொண்டே போனது. "என்ன மனுஷன் இவன்? மூவாயிரம் வாங்கிட்டு பேட்டரியைக் கழட்டி வெச்சிருக்கான்! இவனெல்லாம் ராத்திரி எப்படித் தூங்கறான்? பெத்தவங்க ஒழுங்கா வளத்திருந்தா இப்படிப் பண்ணுவானா?"

"அப்பா, நம்ம வீட்ல நீங்க ஒட்டியிருக்கற மாதிரியே இருக்குப்பா" என்றாள் இனியா.

"நான் ஒட்டறது சிக்கனம். இது கஞ்சத்தனம். வித்தியாசம் தெரியாம பேசாதே!"

ரேவதி மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கட்டிலில் கால் நீட்டினாள். "சத்தமே இல்லாம சுத்துது பாருங்க. நம்ம ஹால்லயும் ஒண்ணு இருக்கே, பதினோரு வருஷமா கீச்சு கீச்சுன்னு உசிரை வாங்கிக்கிட்டு."

"காத்து வருதில்ல? காத்துக்கா காது இருக்கு?"

போன் அடித்தது. ஜோதியம்மாள். துண்டித்தார்.

நாலு மணிக்குக் கிளம்பும்போது மணிவேல் நேராகச் சமையலறைக்குப் போய், அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துக் குழாயில் தண்ணீர் பிடித்தார்.

"ஐயையோ, தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கு!"

"எழுதட்டும்! வழியில தண்ணி பாட்டில் இருபது ரூபா. மூணு பேருக்கு ஆறு பாட்டில். நூத்தி இருபது! அதுவுமில்லாம..." குரலைத் தாழ்த்தினார். "வழிநெடுக அன்னதானம். சாப்பிட்டுட்டு, வர்றப்போ இதுல கொஞ்சம் வாங்கிட்டு வந்துட்டோம்னா காலைல டிபன் செலவும் இல்ல."

ரேவதி தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குக் காசு செலவில்லை.

ராஜகோபுரத்தின் முன் கற்பூரம் கொளுத்திவிட்டுச் செருப்பில்லாமல் நடக்கத் தொடங்கினார்கள். தார்ச் சாலை இன்னும் பகல் வெயிலை மறக்காமல் வைத்திருந்தது. ரேவதி ஒவ்வொரு லிங்கத்திடமும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மணிவேல் ஒவ்வொரு அன்னதானப் பந்தலிலும் நின்றார். சாம்பார் சாதம், தக்காளி சாதம், சுண்டல், மோர், மறுபடியும் சாம்பார் சாதம். இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்வது, கையிலிருக்கும் காசைத் தூக்கிப் போடுவதற்குச் சமம் என்பது அவர் சித்தாந்தம்.

அடி அண்ணாமலை வந்தபோது வயிறு பானைபோல ஆகியிருந்தது. அங்கே ஒரு பந்தலில் சுடச்சுடப் பொங்கல். மணிவேல் காலித் தூக்கை நீட்டினார்.

தோளில் துண்டு போட்டிருந்த தொண்டர் அவரையும் தூக்கையும் பார்த்தார். "பார்சல் கிடையாதுங்க. எல்லாரும் இப்படியே கொண்டாந்தா நடக்கறவங்களுக்கு எங்க போறது? தூக்கை அப்படி ஓரமா வெச்சுட்டு வரிசைல வாங்க."

ஓரத்தில் ஏற்கெனவே இருபது முப்பது பாத்திரங்கள் வரிசை கட்டியிருந்தன. மணிவேலுக்கு முன்பே அந்தச் சித்தாந்தத்தைப் பலர் கண்டுபிடித்திருந்தார்கள். தன் தூக்கையும் அங்கே வைத்துவிட்டுப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

தூக்கு இல்லை.

குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். அடுத்தவர் தூக்கையெல்லாம் திறந்து பார்த்து இரண்டு பேரிடம் திட்டு வாங்கினார்.

"திருட்டுப் பசங்க! சாமி மலையைச் சுத்த வந்தவன்லாம் தூக்கைத் தூக்கறான்! ஐந்நூறு ரூபா அட்வான்ஸ் போச்சே!"

"அதைத் தொடாதீங்கன்னு..." என்று ஆரம்பித்தாள் ரேவதி.

"நீ பேசாதே! யோசிக்க விடு!"

யோசித்தார். எதிரே ஒரு பாத்திரக் கடை. பாய்ந்தார். அதே அளவு, அதே வடிவத் தூக்கு நானூற்று எண்பது என்றான் கடைக்காரன். பௌர்ணமி ரேட்டு. பத்து நிமிடம் கத்திப் பார்த்தார். கடைக்காரன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

"வாங்கிட்டேன்" என்று திரும்பி வந்தார். "இதை அலமாரில வெச்சுட்டா ஐந்நூறு திரும்பி வந்துடும். அப்படிப் பாத்தா இருபது ரூபா லாபம்."

அந்த வாக்கியம் முடிவதற்குள் பந்தலின் ஒலிபெருக்கி கரகரத்தது. "தூக்கு ஒண்ணு இங்க இருக்குங்க. தவறவிட்டவங்க அடையாளம் சொல்லி வாங்கிக்கலாம்."

மணிவேல் ஓடினார். துண்டுத் தொண்டர் கையில் அந்தத் தூக்கு. "யாரோ மாத்தி எடுத்துப் போயிட்டு, பேரைப் பாத்துட்டுத் திருப்பிக் கொண்டாந்து குடுத்தாங்க. உங்களுதா?"

"என்னுதுதான்!"

"அடில பேரு வெட்டியிருக்கு. என்ன பேருன்னு சொல்லுங்க, குடுத்துடறேன்."

மணிவேல் விழித்தார். "அது... எனக்கு எப்படித் தெரியும்? வாடகை வீட்டுத் தூக்கு அது."

"இப்பதான் உங்களுதுன்னீங்க."

"என்னுது மாதிரி! நான்தான் கொண்டாந்தேன்! ஏன்யா, ஒரு தூக்குக்குப் பொய் சொல்ற மாதிரியா இருக்கு என் மூஞ்சி?"

தொண்டர் அவர் கையிலிருந்த புத்தம்புதுத் தூக்கைப் பார்த்தார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது. "ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு கேக்கறாரு" என்று யாரோ சொன்னார்கள்.

"சரிங்க, உங்க பேராவது தெரியுமா?"

"மரியாதையா பேசுங்க! மணிவேல்!"

தொண்டர் தூக்கைக் கவிழ்த்துப் பார்த்தார். மறுபடியும் மணிவேலைப் பார்த்தார். "அதாங்க போட்டிருக்கு! உங்க பேரையே வெச்சுக்கிட்டு ஏங்க இவ்ளோ நேரம் விளையாடறீங்க?"

மணிவேல் பிடுங்கிப் பார்த்தார். தூக்கின் அடிப்பாகத்தில் கொட்டை எழுத்தில் வெட்டியிருந்தது.

'கோதண்டராமன் - சந்திரகலா திருமணத்துக்கு அன்பளிப்பு: மணிவேல் - ரேவதி.'

பதினான்கு வருடங்களுக்கு முன்னால் அவரே கடையில் நின்று வெட்டச் சொன்ன எழுத்து. 'தூக்கு சின்னதா இருந்தாலும் பேரு பெருசா இருக்கணும், பேருக்குக் காசு இல்லையே' என்று அன்றைக்குச் சொன்னது ரேவதிக்கு இப்போதும் ஞாபகம் இருந்தது.

அவள் அப்படியே சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. மணிவேல் அழுகிறாள் என்று நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கிரகப்பிரவேசத்துக்கு ஆயிரம் ரூபா மொய் மிச்சம் பிடிச்சீங்களே... இப்ப மூவாயிரமா கொண்டு போய்ச் சேத்துட்டீங்க!"

"அநியாயம்!" மணிவேலின் குரலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "கூடப் பொறந்தா மாதிரி அண்ணன்கிட்ட வாடகை! ஃபேன் மூணுக்கு மேல வைக்கக் கூடாதாம்! நான் குடுத்த தூக்கை நானே தொடக் கூடாதாம்! இரு, இப்பவே போன் போட்டு நார் நாராக் கிழிக்கறேன்!"

போனை எடுத்தார். எண்ணைத் தேடினார். விரல் நின்றுவிட்டது.

"போடுங்க" என்றாள் ரேவதி.

போட முடியவில்லை. எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்வது? மணிவேல் இந்த நிமிடம் தாம்பரத்தில், விலகிய டிஸ்க்கோடு, ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கையில் இருந்த போன் தானாகவே அடித்தது. ஜோதியம்மாள்! "இந்தம்மா ஒருத்தி!" என்று எல்லா ஆத்திரத்தையும் அந்தச் சிவப்புப் பொத்தானில் காட்டினார்.

குபேர லிங்கத்தின் முன்னால் மட்டும் மணிவேல் நீண்ட நேரம் கண்ணை மூடி நின்றார். மீதித் தூரத்தை இரண்டு கையிலும் இரண்டு தூக்கோடு, தலைகுனிந்து நடந்து முடித்தார். உள்ளங்கால் கொப்புளித்து, ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாமல், வேங்கிக்காலுக்கு ஆட்டோ பிடித்ததில் இருநூற்றைம்பது போயிற்று.

மறுநாள் காலை சாவி வாங்க வந்த சக்திவேலிடம் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

"இந்தாப்பா, இந்த வீட்டு ஓனர் யாரு தெரியுமா? என் சொந்தத் தம்பி! வாடகையைத் திருப்பிக் குடு."

சக்திவேல் கொட்டாவி விட்டான். "எல்லாரும் இதான் சார் சொல்றாங்கோ. போன பௌர்ணமிக்கு ஒருத்தரு ஓனருக்கு மாமனாருன்னாரு. இரு, போன் போடறேன். நீயே பேசு."

"வேணாம்!" மணிவேல் பதறிப்போய் அவன் கையைப் பிடித்தார். "போன் வேணாம்! என்னைப் பத்தி ஒரு வார்த்தை அவன்கிட்ட சொல்லக் கூடாது! அட்வான்ஸைக் குடு, போதும்."

சக்திவேல் அலமாரியில் தூக்கை எண்ணினான். ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தான்.

பேருந்து நிலையத்தில் மூன்று டிக்கெட்டுக்கான ஐந்நூறை எடுத்துத் தனியே வைத்த பிறகு, மணிவேல் மீதியை ரேவதியின் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார். ஒரு ஐம்பது ரூபாய், இரண்டு பத்து ரூபாய்.

"எண்ணிப் பாரு! எழுபது ரூபா மிச்சம்! ஐயாயிரத்துக்குள்ள முடிச்சுட்டேன். கார்டு என்கிட்டதான். கோதண்டராமனுக்கும் ஒண்ணும் தெரியாது. மானமும் மிச்சம், பணமும் மிச்சம்!"

ரேவதியின் முகம் வாடிப்போயிற்று. நியாயமாகத் தோற்றுவிட்டோம் என்றுதான் அவளும் நினைத்தாள். கையில் அந்தப் புதுத் தூக்கு மட்டும் கனத்தது.

போன் அடித்தது. ஜோதியம்மாள்.

இப்போது மணிவேல் வெற்றி வீரர். தாராளமாக இருக்கலாம். எடுத்தார். சுற்றியிருந்த இரைச்சலில் காதில் விழாததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்கம்மா! விபூதிதானே? வாங்கிட்டேன்னு வெச்சுக்கோங்க!"

"விபூதியா? நேத்துக் காலைலேருந்து எத்தன தடவை போன் போடறேன், கட் பண்ணிக்கிட்டே இருக்கீங்க? சாவியக் குடுக்கலாமா வேணாமான்னு உங்கள ஒரு வார்த்தை கேக்கத்தான் போட்டேன். கொழந்தைங்களோட வெயில்ல நிக்கறாங்களேன்னு நானே தொறந்து வுட்டுட்டேன். ராத்திரி உங்க வூட்டு சிலிண்டர் தீந்துபோச்சு. நான்தான் தொள்ளாயிரம் குடுத்துப் புதுசு போட்டிருக்கேன். வந்ததும் குடுத்துடுங்க."

மணிவேல் உறைந்துபோனார். "சிலிண்டரா? பூட்டியிருக்கற வீட்ல எப்படிம்மா சிலிண்டர் தீரும்?"

"பூட்டியா? மூணு வேளையும் சமையல் நடக்குது. ஏசி நேத்து போட்டது இன்னும் நிக்கல."

ரேவதி வலது கையை மட்டும் மணிவேலின் முன்னால் நீட்டினாள். இனியா அம்மாவின் செல்போனில் பழைய பதிவைத் தேடினாள். 'ஒரு ரூபா ஜாஸ்தியாச்சுன்னா...' என்று மணிவேலின் குரலே மணிவேலுக்குக் கேட்டது.

"இரு! இது பயணச் செலவு இல்ல! இது திருட்டு! போலீஸ் கேசு!" என்று கத்தியபடி, ஒரு கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். "ஜோதியம்மா! யாரும்மா அது? எவன் என் வீட்டுக்குள்ள பூந்து உக்காந்திருக்கான்?"

"எவனா? நல்லாருக்குங்க கதை! உங்க தம்பி கோதண்டராமன்தான் குடும்பத்தோட வந்திருக்காரு. நேத்து நீங்க போன் பண்ணி 'ஹால்ல உக்காந்து டிவி பாக்கறேன்'னு சொன்னப்போ, அவரு உங்க ஹால்ல, அந்தக் கீச்சு ஃபேனுக்கு அடியிலதான் உக்காந்து உங்க டிவிய பாத்துக்கிட்டு இருந்தாராம்!"